பஸ் ஸ்டாப்பில் கட்டிய போர்டு

என் மகள் பெரியவளானபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. பட்டாளத்திலிருந்து என் அண்ணன் லீவு போட்டு வந்து, தாய்மாமன் சீரோடு ஆளுயர ஃபிளெக்ஸ் போர்டும் அடித்துத் தந்தார். 'பூப்புனித நீராட்டு விழா' என்று கொட்டை எழுத்து. நடுவில் பட்டுப்பாவாடையில் என் பிள்ளை. அதை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தது நான்தான். இராஜபாளையத்தில் எங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் படித்த பள்ளிக்கூடத்தின் வேனும் அங்கேதான் வந்து நிற்கும்.

"எங்க வேணும்னாலும் கட்டிக்கோம்மா. அந்த ஸ்டாப்புல மட்டும் வேண்டாம். வேன்ல பசங்கல்லாம் வருவாங்க," என்றாள்.

"ஏட்டி, ஊர்ல எம்புட்டு பேரு வைக்காக, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு? மாமா அம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்காக. அவிய மனசு நோகும்லா?" என்று அதட்டினேன்.

மாமா மனசாம்! உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேண்டேஜ் துணி மில்லில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் அந்த ஸ்டாப்பில்தான் இறங்குவார்கள். அவர்கள் பார்த்து வயிறெரிய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

சடங்கு முடிந்து அவள் பள்ளிக்குக் கிளம்பிய முதல் நாளும் போர்டு அங்கேயே இருந்தது. வேன் வந்து நின்றது. ஒரு பையன் ஜன்னல் வழியாக, "வாழ்த்துகள்!" என்று கத்தினான். வேனே சிரித்தது. பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன். சீ, நானெல்லாம் ஒரு தாய்! அவள் தலையைத் தூக்காமல் ஏறிப் போனாள்.

அதன்பிறகு அவள் சண்டையும் போடவில்லை, அழவும் இல்லை. எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா" என்றாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மில்லில் பீற்றிக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு நாள் காலை பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். போன் வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டரம்மா. ஏழெட்டு மாதமாக, ஒவ்வொரு மாதமும் தீட்டு பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கிறது. ஒரே வீடு, பக்கத்துப் பக்கத்துப் பாய், எனக்குத் தெரியவில்லை. வீடு துடைக்க மில்லிலிருந்து நான் கொண்டுவரும் வெட்டுத்துணி குறைந்துகொண்டே போனதையும் கவனிக்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "சொன்னா அதுக்கும் போர்டு வச்சிருவாங்க, டாக்டர்."

டாக்டரம்மா வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். எனக்குக் கூசிப்போயிற்று. அந்த அறையில் நிற்க முடியவில்லை.

வெளியே மாத்திரை வாங்க நின்றபோது மில்லிலிருந்து போன். "பிள்ளைக்கு என்னவாம்?" என்று கூட வேலை பார்க்கும் அக்கா கேட்டாள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா," என்றேன்.

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அவள் அப்போதும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.