கேமராவுக்கு மட்டும் மிதித்த பிரேக்

போன தீபாவளிக்கு முந்தின வாரம், சனிக்கிழமை சாயங்காலம். நானும் என் தம்பியும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பண்டிகைச் சாமான் வாங்கிக்கொண்டு, புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சொந்தக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். கைப்பேசியில் புக் பண்ணி, மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி ஓட்டிவிட்டு, எடுத்த கார்பார்க்கிலேயே திரும்பக் கொண்டுபோய் விட வேண்டிய வாடகைக் கார். தம்பி கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையை முடித்த கையோடு லைசென்ஸ் எடுத்திருந்தான். புதிதாக ஓட்டுகிறவர்கள் ஒட்ட வேண்டிய அந்த ஆரஞ்சு முக்கோணம் முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் பளிச்சென்று இருந்தது. அதை ஒட்டிக்கொண்டு ஓட்டுவது அவனுக்குப் பெரிய மானக்கேடு.

எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஆனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அன்றைக்கு லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் பக்கம் கார்பார்க்கை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே பொறுமை போய்விட்டது. எங்கே பார்த்தாலும் கூட்டம், ஹாரன், குறுக்கே ஓடும் ஜனங்கள். காரைத் திருப்பி விட வேண்டிய நேரம் நெருங்குகிறது என்று கைப்பேசி வேறு நச்சரித்துக்கொண்டே இருந்தது. எங்களுக்கு அடுத்தபடியாக அந்தக் காரை யாரோ புக் பண்ணியிருந்தார்கள். நாங்கள் லேட்டானால் அவர் கார்பார்க்கில் நின்று எங்களைத் திட்டுவார்.

கூட்டம் விலகிப் பெரிய சாலைக்கு வந்ததுதான் தாமதம், தம்பி ஆரம்பித்துவிட்டான். இந்த லேனிலிருந்து அந்த லேன், அந்த லேனிலிருந்து இந்த லேன். மழையும் பிடித்துக்கொண்டது.

"டேய், மெதுவா போடா. ரோடெல்லாம் ஈரம்."

"அக்கா, ரிலாக்ஸ்லா. ஸ்பீடு கேமரா எங்கெங்க இருக்குன்னு எனக்கு மனப்பாடம். ஃபைன்லாம் வராது."

"நான் ஃபைனையா கேட்டேன்?"

அவனுக்கு அது காதில் ஏறவில்லை. அவனும் அவன் கூட்டாளிகளும் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். எந்த ரோட்டில் எந்த இடத்தில் கேமரா, எங்கே புதிதாக வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் அதில் வந்துகொண்டே இருக்கும். அவர்கள் கணக்கில் ஒரு தடவைகூட மாட்டாதவன்தான் நல்ல டிரைவர். கேமரா வரும் இடத்தில் இவன் பூனை மாதிரி பதுங்குவான், தாண்டியதும் பறப்பான். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். "நான் மாட்டியிருக்கேனா, சொல்லு" என்பான்.

புக்கிட் பாத்தோக்கை நெருங்கும்போது எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. வேலை முடிந்து துவாஸ் விடுதிக்குத் திரும்புகிற வெளிநாட்டு ஊழியர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேலே கூரை உண்டு, பின்பக்கம் திறப்பு. தம்பி அந்த லாரியின் முதுகிலேயே போய் ஒட்டிக்கொண்டு லைட்டை அடித்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்த ஒரு பையன், தம்பி வயதுதான் இருக்கும், உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல, மெல்ல என்று ஜாடை காட்டினான். முகத்தில் கோபமே இல்லை, சிரிப்புதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தம்பி சர்ரென்று வலப்பக்கம் ஒடித்து லாரியைத் தாண்டினான். நாங்கள் திரும்ப வேண்டிய இடம் இடப்பக்கம் என்பதால் உடனே லாரிக்கு முன்னால் வந்து நுழைந்தான். நுழைந்த பிறகுதான் அவனுக்குக் கேமரா ஞாபகம் வந்தது. இத்தனை மனப்பாடம் பண்ணியவன், அந்த ஒன்றை மறந்திருக்கிறான். பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்தான். மிதித்த மிதியில் வேகம் எல்லைக்கும் ரொம்பக் கீழே போய்விட்டது. பெல்ட் என் தோளை அறுத்தது.

பின்னால் டயர் கிறீச்சிடும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். லாரி எங்கள் மேல் இடிக்காமல் இருக்க இடப்பக்கம் ஒடித்து, நடைபாதை ஓரத்தில் ஏறி, புல்வெளியில் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. அந்தச் சறுக்கலில் உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஐயோ, என்று கத்திவிட்டேன்.

"நிறுத்துடா!"

"அக்கா, நம்ம மேல இடிக்கவே இல்ல. நான் லிமிட்லதான் போனேன். கேமராவுக்கு முன்னாடி நான் கரெக்ட்டாத்தான் போனேன்."

"நிறுத்துடான்னு சொல்றேன்ல!"

ஓரமாக நிறுத்தினான். நான் மழையில் இறங்கி ஓடினேன். அவன் பின்னால் வந்தானா என்றுகூடப் பார்க்கவில்லை. கடவுள் புண்ணியத்தில் யாரும் சாலையில் விழவில்லை. ஆனால் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கிடந்தார்கள். ஒருவருக்கு உதடு கிழிந்து ரத்தம். ஜாடை காட்டிய அந்தப் பையன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

லாரியை ஓட்டி வந்தவரும் அவர்களைப் போலத் தமிழ்நாட்டுக்காரர்தான், அவர்களோடு வேலை செய்கிறவர். இறங்கி வந்தார். அடிப்பாரோ என்று பயந்தேன். அவர் என் பின்னால் வந்து நின்ற தம்பியைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"பின்னாடி ஆளுங்க இருக்காங்கன்னு பாத்துட்டுத்தானே தாண்டி வந்தே? அப்புறம் எதுக்கு முன்னாடி வந்து மிதிச்சே?"

"கேமரா இருந்துச்சு, அண்ணே."

"கேமரா இருந்துச்சா" என்று திருப்பிச் சொன்னார். அடிபட்டவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் ஆம்புலன்சைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தேன். அந்தப் பையன் பதறிவிட்டான்.

"அக்கா, வேணாம்க்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரி, போலீஸ்னு போனா கம்பெனில பிரச்சனை ஆயிடும். கை சரியில்லன்னு ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னா என்ன பண்றது? நானே இறங்கும்போது வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்க தம்பியக் கூட்டிட்டுக் கிளம்புங்க."

தம்பி என் முகத்தைப் பார்த்தான். போய்விடலாமா என்று கண்ணாலேயே கெஞ்சினான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் அப்பாடா என்று இருந்தது. வீட்டில் அம்மா காத்திருக்கிறார், காரை விட வேண்டும், அடிபட்டவனே போகச் சொல்கிறான். அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

தனக்கு ஒன்றும் இல்லை என்று எங்களுக்குக் காட்டுவதற்காக அந்தப் பையன் எழுந்துபோய் லாரியில் ஏறப் பார்த்தான். பின்பக்கக் கம்பியை வலது கையால் பிடித்தான். விரல்கள் மடங்கவில்லை. இன்னொரு தடவை முயன்றான். கை அப்படியே நழுவிக் கீழே தொங்கியது. அப்போதும் எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். பாவி, அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, அவனே ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் பேசினான். பேசி முடித்துவிட்டு, "அம்மாகிட்ட லேட்டாகும்னு சொல்லிடுக்கா" என்றான்.

போலீஸ் வந்து விசாரித்தபோது நான் தம்பி பக்கத்திலேயே நின்றேன். நடந்ததில் வண்டியோடு வண்டி இடிக்கவில்லை. கேமராவைத் தாண்டியபோது அவன் வேகம் எல்லைக்குள்தான். மழை, லாரி வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தால் கதையே வேறு. தம்பி முதலிலிருந்து சொன்னான். லாரியை ஒட்டிக்கொண்டு போனது, லைட் அடித்தது, பறந்து தாண்டியது, கேமராவைப் பார்த்துப் பயந்து மிதித்தது. நான் அவன் சட்டையைப் பிடித்து லேசாக இழுத்தேன். அக்கா புத்தி, என்ன செய்ய? அவன் என் கையை விலக்கிவிட்டுத் தொடர்ந்து பேசினான்.

"கையில அடிபட்டவரு வழுக்கி விழல சார். என்னாலதான் அடிபட்டுச்சு. அவரோட கம்பெனிக்கும் அத சொல்லிடுங்க" என்றான்.

அந்தப் பையனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. அதன் பிறகு வந்த வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். அவனை வைத்திருப்பார்களா, அனுப்பிவிடுவார்களா என்று தெரியாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தீபாவளி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை லிட்டில் இந்தியாவுக்கு வரச் சொல்லிச் சாப்பிடக் கூட்டிப் போனோம். வலது கையில் கட்டு. இடது கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சாதத்தைத் தட்டு முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தான். "கம்பெனி இன்னும் ஒண்ணும் சொல்லலக்கா" என்றான். தம்பி தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

நல்லவேளை, ஊருக்கு அனுப்பவில்லை. ஆனால் வெல்டிங் வேலை பழகிக்கொண்டிருந்தவனைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள். கட்டைவிரல் இன்னமும் முழுசாக மடங்குவதில்லை. கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்க்கா" என்கிறான். தம்பியின் லைசென்ஸ் போய்விட்டது. "கேமராவே உன்னப் புடிக்கலயேடா, நீயா போய் எதுக்கு மாட்டிக்கிட்டே?" என்று அவன் கூட்டாளிகள் கேட்டார்களாம். அந்த குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டான். மறுபடி லைசென்ஸ் எடுப்பதைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

எனக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது: யாருடைய காரில் போனாலும் சரி, கேமரா வரும் இடத்தில் எல்லோரும் வேக முள்ளைப் பார்க்கிறார்கள், நான் திரும்பிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறேன், ஆட்களோடு ஒரு லாரி வந்துவிட்டால், அது எங்களைத் தாண்டிப் பத்திரமாகப் போகும்வரை எனக்கு மூச்சு சீராக வருவதில்லை.