சுவிட்சுகளுக்கு நான் வைத்த பொட்டு

போன வருடம் ஆயுத பூஜையன்று காலை, காவிரி நடுவே ஓடும் மோட்டார் படகில் நானும் என் மூன்று வயது மகள் தாரணியும் மட்டும் இருந்தோம். படகை ஓட்டிவந்த என் கணவர் தண்ணீரில் விழுந்துவிட்டார். படகு வட்டமடித்து அவரை நோக்கியே திரும்பிக்கொண்டிருந்தது. இன்ஜினை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதித் தரும்படி நம் பஜனைக் குழுவில் கேட்டார்கள். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எது என் தவறு, எது பெருமாளின் கருணை என்று பிரித்துச் சொல்ல இன்றும் எனக்குத் தெரியவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறோம். ஆற்றுக்குள் இருக்கும் குடிநீர்க் கிணறுகளுக்கு வேலையாட்களைக் கொண்டுபோய் விடும் படகை என் கணவர் முரளி ஓட்டுகிறார். அவர் திரும்பி வரும்வரை எனக்குப் பயம்தான். அதனால் அந்த வருடம் படகுக்கு நானே பூஜை செய்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

வீட்டில் மிக்ஸி, ஃபேன், சுவிட்ச் போர்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போமே, அதே போலத்தான் செய்தேன். ஓட்டும் இடத்தில் ஐந்தாறு சுவிட்சுகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அது எதற்கு என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சந்தனத்தைக் குழைத்து அந்த எழுத்தின் மேலேயே அழகாக அப்பி, குங்குமம் வைத்தேன். சாவிக்கு மேல் சாமந்தி மாலையைச் சாத்தினேன். பக்கத்தில் ஒரு முனை செருகப்பட்ட சிவப்புச் சுருள் கயிறு சும்மா தொங்கியது. மாலை காற்றில் பறக்காமலிருக்க அதன் மறு நுனியை மாலையோடு இறுக்கிக் கட்டினேன்.

பிறகு பின்பக்கம் போய், இன்ஜின் அருகில் கற்பூரம் ஏற்றினேன். அணைந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அணைந்தது. மூன்றாவது முறையும் ஆற்றுக்காற்று விடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னங்க, பெருமாள் ஏத்துக்கலையோ? அபசகுனமா இருக்குங்க."

"காத்து அடிச்சா அணையத்தான் செய்யும் சுமதி. எல்லாத்துக்கும் ஒரு பயமா உனக்கு? வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று சிரித்தார்.

அந்தச் சிவப்புக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் அவர் தினமும் படகை எடுப்பாராம். அன்று அது மாலைக்குள் இருந்தது. நான் கட்டியதை அவிழ்த்தால் மனசு கஷ்டப்படுவேன் என்று விட்டுவிட்டார்.

மூன்று பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். கொஞ்ச தூரம் போனதும் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று பக்கவாட்டில் சிக்கியது. இன்ஜினை நிறுத்தாமல், குனிந்து அதைத் தள்ளினார். கால் வழுக்கியது. அவ்வளவுதான்.

"அப்பா குளிக்கிறாங்க" என்றாள் தாரணி.

படகு தானாக வளைய ஆரம்பித்தது. அவர் எதையோ கத்தினார். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் சுவிட்சுகளைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி, பொட்டு வைத்த முகங்கள். ஒன்றை அழுத்தினேன், ஹாரன் அடித்தது. இன்னொன்றை அழுத்தினேன், பக்கத்துக் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. லீவரைத் தொட்டேன், வேகம் கூடியது. கையை எடுத்துவிட்டேன். சாவியைத் திருப்பியிருந்தால் போதும். ஆனால் சாவி இருப்பதே என் நினைவில் இல்லை. அது மாலைக்குப் பின்னால் இருந்தது.

அவர் தலை நேராக எனக்கு முன்னால் தெரிந்தது. படகின் அடியில் சுற்றும் விசிறியை நினைத்தேன்.

"ரங்கா, எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

அவ்வளவுதான் என் பிரார்த்தனை. சுலோகம் எதுவும் வாயில் வரவில்லை. ஒரு கையால் தாரணியை அணைத்தபடி, மறு கையால் மாலையைப் பிடித்துக்கொண்டேன். சந்நிதியில் கம்பியைப் பிடித்துக்கொள்வோமே, அப்படி. கால் தடுமாறியது. மாலையோடு பின்னால் விழுந்தேன். கயிறும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்தது.

இன்ஜின் நின்றது.

அந்த அமைதியை என்னால் விவரிக்க முடியாது. படகு மெல்ல மிதந்து அவர் பக்கமாகப் போனது. அவர் விளிம்பைப் பிடித்து ஏறி, கீழே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நல்ல வேளை, கயித்த இழுத்த. உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

கரையில் மெக்கானிக் சாதிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணி, அந்தக் கயிறு ஓட்டுறவர் கையில இருக்கணும். அவர் விழுந்தா கயிறு பிடுங்கும், இன்ஜின் அங்கேயே நிக்கும். அதுக்குத்தான் அது. நீங்க மாலைக்கு டிரைவர் வேலை குடுத்திருக்கீங்க!" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பின்பக்கம் போனவர் கருகிய கற்பூரத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இத இங்கயா ஏத்துனீங்க? கீழ பெட்ரோல் டேங்க். மூடி வேற சரியா இறுகல, வாடை வருது பாருங்க. நல்லா எரிஞ்சிருந்தா படகே இருந்திருக்காது அண்ணி."

பெருமாள் ஏற்கவில்லை என்று நான் அழுதேனே, அந்த அணைந்த கற்பூரத்திலேயே எங்களைக் காத்துவிட்டானா? அல்லது வெறும் காற்றா? ஆபத்தை உண்டாக்கிய அதே முடிச்சுதான் எங்களைக் காப்பாற்றியது. அதை என் முட்டாள்தனம் என்பதா, அவன் திருவுள்ளம் என்பதா? எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். குழப்பம் தீரவில்லை. ஆனால் நன்றி சொல்ல, குழப்பம் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று மட்டும் புரிந்தது.

மறுநாளே பழைய டூத் பிரஷால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். எந்த சுவிட்ச் எதற்கு, லீவரை எங்கே வைத்தால் படகு நிற்கும் என்று சாதிக்கிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். பெட்ரோல் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது என்பதையும் எழுதினேன். இந்த வருட பூஜைக்குப் படகின் மூக்கில் மட்டும் ஒரு பொட்டு. கற்பூரம் கரையில், தள்ளி.

தினமும் படகை எடுக்கும் முன் அவர் எனக்கு ஒரு போட்டோ அனுப்புகிறார். சிவப்புக் கயிறு மாட்டிய மணிக்கட்டு, வேறு ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து "ரங்கா" என்று ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் தாரணியைப் பள்ளிக்குக் கிளப்புகிறேன்.

என்னைப் போல் பயந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் அவனைக் கூப்பிடுங்கள். தெரியவில்லை என்று சொன்னாலே அவனுக்குக் கேட்கிறது. என் குரலும் அவனுக்குக் கேட்டது.