மூன்றாம் டிவிசன்காரரின் வீட்டில்

1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிட்னியின் பீற்றர்ஷாம் பக்கம், ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு போர்த்துக்கேயத் தம்பதியின் வீட்டு மேல்மாடியில் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயிற்றில் முதல் பிள்ளை. என் கணவருக்கு ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை. குசினி இரண்டு குடும்பத்துக்கும் பொது.

அந்தக் குசினியில்தான் எங்கள் சிநேகம் தொடங்கியது. ஒருநாள் பேச்சுவாக்கில் நான் 'கதிரை' என்று சொல்ல, வீட்டுக்காரப் பெண் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவளும் நாற்காலியைக் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்வாளாம். மேசை, யன்னல், அலுமாரி, சப்பாத்து என்று அன்று முழுக்க வீட்டைச் சுற்றி வந்தோம். எல்லாம் போர்த்துக்கேயர் முன்பு எங்கள் ஊரை ஆண்டபோது விட்டுப்போன சொற்கள். மற்றதெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில். அவர்கள் பேசியது என் நினைவில் என்னுடைய தமிழாகவே தங்கியிருக்கிறது.

அவள் கணவர் மெலிந்த, நெடிய மனிதர். மரத் தொழிற்சாலையில் வேலை. ஊரில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரராக விளையாடியவர். எனக்குக் கால்பந்தில் ஒன்றும் தெரியாது. தெரியாதவர் கிடைத்தது அவருக்கு வாய்ப்பாகிவிட்டது. சூப்புக்கு ஊறவைத்த அவரையை மேசையில் பரப்பினார்.

"மேல இருக்கிறது முதலாம் டிவிசன். உலகத்துக்கு அவங்களைத்தான் தெரியும். அதுக்குக் கீழ இரண்டாம் டிவிசன், வடக்கு தெற்கு எண்டு பிரிச்சு. அதுக்கும் கீழ மூன்றாம் டிவிசன், இடத்துக்கு இடம் கூறு கூறாய். அதோட நாடு முடிஞ்சுது."

"அப்ப மிச்ச அவரை?"

"அது மாவட்டங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனிப் போட்டி. மூன்றாம் டிவிசன் முடிவு பேப்பரில பொடி எழுத்திலயாவது வரும். மாவட்ட ஆட்டம் அதுவும் வராது. விளையாடினவனுக்கும் பாத்தவனுக்கும் மட்டும்தான் தெரியும்."

அவருடைய சிற்றூர்க் கழகம் மாவட்டத்திலேயே கிடந்து, ஒரு வருடம் எல்லோரையும் வென்று மூன்றாம் டிவிசனுக்கு ஏறியது. ஊர்ச் சனம் பாலம்வரை வந்து அவர்களைத் தோளில் தூக்கிப் போனதாம். அடுத்த சீசன் பாதி நடக்கும்போது அவரைப் பட்டாளத்துக்கு அழைத்தார்கள். ஆபிரிக்காவில் அவர்களுடைய குடியேற்றங்களில் அப்போது சண்டை. கூடப் படித்த இருவர் அங்கே போய்ச் செத்திருந்தார்கள். இவர் மலைப்பாதையால் ஸ்பெயினுக்கு நடந்து, பிரான்சுக்குப் போய், கடைசியில் தாயின் குடும்பப் பெயரோடு சிட்னிக்கு வந்து சேர்ந்தார்.

இதைச் சொல்லும்போது அவர் மனைவி எழுந்து குசினி யன்னலைச் சாத்தினாள். "ரகசியப் பொலிசுக்கு எல்லா இடத்திலயும் காது இருக்கு," என்றாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இவ்வளவு தூரத்துக்கு யார் வரப்போகிறார்கள்?

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு. லீக் தொடங்குவதற்கு முன் நடக்கும் நட்பு ஆட்டம் ஒன்றுக்கு எங்களையும் கூட்டிப் போனார்கள். வீட்டுக்காரர் ஆடியது அங்குள்ள போர்த்துக்கேயரின் அணியில், கீழ்மட்டத்தில் விளையாடுவது. புல்லைவிட மண் அதிகமான மைதானம். வேலியோரம் பத்திருபது பேர், புகைக்கிற இறைச்சி, கத்தல். இடைவேளைக்குப் பிறகு எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்ற தாடிக்காரர் ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை நோக்கி ஒரு சொல்லைக் கூவினார்.

என் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் தோலில் இறங்கியது. அது அவள் கணவரின் பட்டப்பெயர். ஊரில் மட்டும் வழங்கியது. சிட்னியில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாதது.

மைதானத்தில் நின்ற வீட்டுக்காரர் பந்தை அப்படியே விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைதானத்தின் மறுபக்கத்தால் வெளியேறி, விளையாட்டுச் சப்பாத்தோடேயே தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

இருட்டிய பிறகுதான் பின் ஒழுங்கையால் வீட்டுக்கு வந்தார். முகம் சாம்பல் நிறம். "ஆர் அது?" என்று மனைவி கேட்க, "தெரியாது," என்றார். "முகத்தைப் பாத்தால்தானே தெரியும்? பாத்தால் நான்தான் எண்டு அவனுக்கும் தெரிஞ்சிடும்."

அன்றிலிருந்து முன்பக்கத் திரை திறக்கப்படவில்லை. அவர் வேலைத்தலத்து நண்பர் ஒருவரின் அறையில் தங்கத் தொடங்கினார். அந்தப் பயம் மாடிப்படி ஏறி எங்களிடமும் வந்தது. என் கணவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நாங்களும் வந்து கனகாலம் இல்லை. ஏதும் விசாரணை எண்டு வந்தால் எங்களையும் சேத்து அனுப்பிப்போடுவாங்கள். வேற வீடு பாப்பம்."

"இந்த நேரத்தில அவளைத் தனிய விட்டுட்டோ?"

"உமக்கு உம்மட வயித்தில இருக்கிறதை யோசிக்கத் தெரியேல்லை."

யோசிக்காமல் இல்லை. யோசித்து யோசித்துத்தான் நித்திரை கெட்டது. ஆனாலும் நாங்கள் போகவில்லை. வேறு வீடு தேடப் போன இரண்டு இடங்களில் எங்கள் நிறத்தைப் பார்த்ததும் அறை போய்விட்டது என்றார்கள்.

ஒரு புதன்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். திரையின் ஓரத்தால் பார்த்த அவள், "தாடி," என்று உதட்டால் மட்டும் சொன்னாள். பிறகு என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "நீ போ. உன்ர முகத்தைப் பாத்தால் வீடு மாறி வந்திட்டன் எண்டு நினைப்பான்." சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

சேலைத் தலைப்பை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கதவைக் கை நீளத்துக்குத் திறந்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். வீட்டுக்காரரைத் தாய்வழிப் பெயரால் கேட்டார். பிறகு தகப்பன்வழிப் பெயராலும் கேட்டார்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை. நாங்கள் சிலோன் ஆக்கள்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், நடையைப் பார்த்தார். மூக்கு விரிந்தது. குசினித் தொட்டியில் இரண்டு நாளாக அவர்களுடைய உப்பு மீன் ஊறிக்கொண்டிருந்தது. எங்கள் கருவாட்டுக்கு அண்ணன் முறையான மணம். எந்தப் போர்த்துக்கேயனும் தெருமுனையிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

"சிலோனிலயும் இந்த மீன் சாப்பிடுவீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்," என்றேன்.

ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். "அந்த ஊர்க்காரன் வந்து போனான் எண்டு சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கதவைச் சாத்தினேன். நடையிலேயே உட்கார்ந்தேன். பிள்ளை உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தது.

ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவள் அழுதாள். அவர்களுடைய ஊருக்கு அடுத்த ஊர் அது. "எல்லாம் விசாரிச்சு அறிஞ்சுதான் வந்திருக்கிறான்," என்றாள். அன்றே மெல்பேர்னுக்குப் போவதற்குப் பெட்டி கட்டத் தொடங்கினாள்.

அவர்கள் போவதற்குள் ஏப்ரல் கடைசி வந்துவிட்டது. வானொலிச் செய்தியில் அவர்களுடைய தலைநகரான லிஸ்பன் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. பட்டாளமே கிளம்பி ஆட்சியைக் கவிழ்த்துவிட்டது, ரகசியப் பொலிசையும் கலைக்கிறார்கள் என்று என் கணவர் விளக்கினார். அன்று மாலை வீட்டுக்காரர் முன்வாசலால் வீட்டுக்கு வந்தார். வந்தாரே தவிர, குசினியில் சுவரில் முதுகு படும்படியாகத்தான் உட்கார்ந்தார்.

மே மாதத்தில் தாடிக்காரர் மறுபடியும் வந்தார். இந்த முறை வீட்டுக்காரரே கதவைத் திறந்தார், வலக்கையில் சுத்தியல். நாங்கள் மூவரும் மாடிப்படியில் நின்றோம். என் கணவர் என்னைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

தாடிக்காரர் சுத்தியலைப் பார்த்தார். ஓரடி பின்வாங்கி, வேகமாக, மூச்சுவிடாமல் எதையோ சொல்லத் தொடங்கினார். நடுவில் காற்சட்டையைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே ஒரு நீளமான தழும்பைக் காட்டினார். சுத்தியல் மெல்ல இறங்கியது.

வீட்டுக்காரப் பெண் என் காதில் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் அடுத்த ஊர்க் கழகத்தின் வலதுபக்க முன்வரிசைக்காரர். மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அந்தத் தழும்பைத் தந்தது எங்கள் வீட்டுக்காரரின் சப்பாத்து. அந்த ஆட்டத்தில் வென்றுதான் இவர்கள் மூன்றாம் டிவிசனுக்கு ஏறினார்கள். அவர்கள் மாவட்டத்திலேயே கிடந்தார்கள். அவரும் பட்டாளத்துக்கு ஒளித்து ஓடி வந்தவர்தான்.

"மூன்று வருசமா இஞ்ச எல்லாரும் பெரிய கழகங்களைப் பற்றித்தான் கதைக்கினம்," என்றாராம் அவர். "எங்கட கழகத்தின்ர பெயரைச் சொன்னால் அப்பிடி ஒண்டு இருக்கோ எண்டு சிரிக்கினம். உன்னை மைதானத்தில கண்டவுடன, இருக்கு எண்டு சொல்ல ஒருத்தன் கிடைச்சிட்டான் எண்டு கத்தினன். நீ ஓடினாய்."

குசினியில் இருவரையும் உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தோம். அந்தக் கடைசி ஆட்டத்தை அவர்கள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மறுபடி ஆடினார்கள். கைகள் பறந்தன. ஓரிடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு தாடிக்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன்: "இப்ப பயம் போயிட்டுதோ?"

வீட்டுக்காரர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "அவன் சொன்னதெல்லாம் சரி. காலில இருக்கிறது நான் போட்ட தழும்புதான். ஆனால் அப்பிடியான ஒருத்தனைத்தான் அவங்கள் அனுப்புவாங்கள்."

ஓகஸ்ட்டில் எனக்கு மகள் பிறந்தாள். தாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். இருவரும் ஒரே அணியில் விளையாடவும் செய்தார்கள். அடுத்த வருடம் நாங்கள் வேறு பகுதிக்கு மாறியபோது, ஊருக்குப் போய்வரலாம்தானே என்று என் கணவர் வீட்டுக்காரரிடம் கேட்டார். பயமில்லை, வரலாம் என்று போர்த்துக்கேயத் தூதரகத்தில் சொல்கிறார்களாம். "முந்தின ஆட்சியிலயும் இதே ஆள்தான் அந்த மேசையில இருந்தவர்," என்றார் அவர், எங்கள் அலுமாரியின் ஒரு பக்கத்தைத் தூக்கியபடி.