என்னை விழுத்திய சறோ அக்கா

குகன் தொலைபேசியில் அழைத்தபோது நான் தர்மபுரத்தில் ஒரு கமக்காரரின் வீட்டு முற்றத்தில் இருந்து உர மானியப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். குகன் எங்கள் விவசாய அலுவலக உதவியாளர். காரணமில்லாமல் அழைக்கிறவர் அல்ல.

“அக்கா, சறோ அக்கா போயிட்டா.”

“எங்க விழுந்தவா?” என்று கேட்டேன்.

“விழேல்லை அக்கா. கதிரையில இருந்தபடியேதான். ரீ கொண்டுபோய் வைச்சிட்டுக் கூப்பிட்டன், அசையேல்லை.”

மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். வயது நாற்பத்தொன்பது. செத்துவிட்டார் என்று ஒருவர் சொல்ல, எங்கே விழுந்தார் என்று கேட்ட என் வாயை நினைத்து அன்று முழுவதும் வெட்கப்பட்டேன். ஆனால் இரண்டு வருடமாக எனக்கும் அவருக்கும் இடையில் இருந்த கதையெல்லாம் விழுவதைப் பற்றியதுதான். அந்தப் பழக்கம் முந்திக்கொண்டது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய கணவர் கேட்டார். “நல்லதா நாலு வரி எழுதுங்கோ தங்கச்சி,” என்றார். நல்லதாக நாலு வரி இதோ: சறோ அக்கா ஒரு நாளும் வேலைக்குப் பிந்தி வந்ததில்லை. அவருடைய பொறுப்பில் இருந்த ஒரு கோப்பும் தொலைந்ததில்லை. வெயிலில் வந்து நின்ற கமக்காரரை இருத்தித் தண்ணீர் கொடுக்காமல் அவர் விசாரணை தொடங்கியதில்லை. கையெழுத்து அச்சுப்போல இருக்கும். மிச்சத்தையும் எழுதி அவரிடமே முதலில் காட்டினேன். நெடுநேரம் வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதுதான் சறோ, போடுங்கோ,” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

அவரோடு வேலை செய்த உங்களில் அவருடைய நாக்கால் அறுபடாதவர் ஒருவரும் இல்லை. நிர்மலா எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் நாள், “தேத்தண்ணி போடவோ வேலைக்கு எடுத்தவை?” என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டவர் அவர். நிர்மலாவின் தாத்தா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர் என்பது தெரிந்துதான் கேட்டார். நிர்மலா தலையைக் குனிந்துகொண்டு பதிவேட்டைத் திறந்தார். நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தோம். அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

சைக்கிள் கதை சறோ அக்காவின் சீனி வருத்தத்தில், நீரிழிவில், தொடங்கியது. நாள்தோறும் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் டொக்டர். ஜேர்மனியில் இருக்கும் தங்கை, தானும் கணவரும் முன்பு ஓடிய இரண்டு பந்தயச் சைக்கிள்களைச் சப்பாத்துகளோடு பெட்டியில் அனுப்பிவைத்தார். அந்தச் சப்பாத்தின் அடியில் ஒரு கொழுவி இருக்கும். மிதித்தால் ‘டிக்’ என்று பெடலில் போய்ப் பூட்டிக்கொள்ளும். பிறகு காலை மேலே தூக்கி எடுக்க முடியாது. குதிக்காலை வெளிப்பக்கம் வெட்டித் திருப்பினால்தான் விடும். நிற்பதற்கு முன் திருப்ப மறந்தால் சைக்கிளோடு சேர்ந்து சரிய வேண்டியதுதான். தனியே ஓட வெட்கப்பட்டு சறோ அக்கா என்னைச் சோடி சேர்த்துக்கொண்டார். தங்கையின் சப்பாத்து அவருக்கு அளவு. தங்கையின் கணவருடையது எனக்குப் பெரிது. முன்னுக்குத் துணி அடைத்துப் போட்டுக்கொண்டேன்.

பெடலின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. அதை இறுக்கினால் பிடி கூடும், தளர்த்தினால் கால் இலகுவாகக் கழன்று வரும். அதற்குரிய சாவி ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. சறோ அக்கா அதைத் தன் அலுமாரித் திறப்புகளோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்திருந்தார். முதல் நாள் வாய்க்கால் கரையில் குந்தியிருந்து என் பெடல்களைத் திருகிவிட்டு எழும்பினார்.

“உனக்கு நல்லா லூசாக்கி விட்டிருக்கிறன். இதில விழுந்தியெண்டால் நீ மாட்டு வண்டிலிலயும் விழுவாய்.”

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அம்மா பாரிசவாதத்தில் விழுந்து நாலு வருடம். காலையில் கட்டிலிலிருந்து தூக்கி இருத்துவது, குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது எல்லாம் நான்தான். வீட்டில் வேறு ஆள் இல்லை. என் கை உடைந்தால் அம்மாவுக்கும் கை இல்லை. இதைச் சறோ அக்காவிடம் சொன்னேன்.

“கொம்மாவைச் சாட்டாதை,” என்றார். “நீ விழப் பயப்பிடேல்லை. விழுந்தால் சனம் சிரிக்கும் எண்டு பயப்பிடுறாய். முழங்கால் தேஞ்சா தோல் வரும். மானத்தை வீட்டில பூட்டி வைச்சிட்டு வா.”

முதல் மாதத்தில் நான் விழுந்த தடவைகளுக்கு அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார்போலப் புள்ளி போட்டார். புல்லில் விழுந்தால் நாலு, சேற்றில் விழுந்தால் ஆறு. வாய்க்காலுக்குள் விழுந்த அன்று, “பத்துக்குப் பத்து, விசேட சித்தியில பாஸ்,” என்றார். அவர் மட்டும் ஒரு நாளும் விழவில்லை. சந்தி வருவதற்கு நெடுந்தூரம் முன்பே அவருடைய கால் வெளியே வந்திருக்கும். எவ்வளவு வடிவாகப் பழகிவிட்டார் என்று நான் வியந்தேன்.

அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் அவர் நான் விழுவதை நடித்துக் காட்டுவார். தன் கதிரையில் இருந்து, கைப்பிடியைப் பிடித்து, கண்ணை முழித்து, “அம்மா, அம்மா” என்று கத்தியபடி மெல்ல மெல்லச் சரிவார். கடைசி நொடியில் கதிரையை நிமிர்த்திவிடுவார். நீங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் மறுநாள் அழுததையும் சேர்த்து நடிப்பார் என்பது எனக்குத் தெரியும்.

பரந்தன் றோட்டுச் சந்தியில் நடந்தது வேறு. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. நிற்பதற்காக வலது காலைத் திருப்பினேன், வரவில்லை. இன்னும் திருப்பினேன், வரவில்லை. சைக்கிளோடு நடு றோட்டுப் பக்கமாகச் சரிந்தேன். கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பஸ் என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அதன் சக்கரச் சில்லின் சூடு முகத்தில் அடித்தது.

சறோ அக்கா ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் வாய் வெளிறவில்லை.

“ஏன் காலை எடுக்கேல்லை?”

“வரேல்லை அக்கா.”

“வரேல்லை எண்டு சொல்லாதை. நீ திருப்பேல்லை. பயத்தில விறைச்சுப்போய் இருந்தனி.”

நான் நம்பினேன். ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், மாக்கட்டுப் போட்டிருந்த காலம் முழுவதும், விறைத்துப்போனது என் கால்தான் என்றே நம்பினேன்.

அந்த ஆறு கிழமையும் சறோ அக்கா விடிய வந்தார். அம்மாவைத் தூக்கி, குளிக்க வார்த்து, சட்டை மாற்றி, சீப்பால் தலை இழுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. தூக்கும்போதும் ஏசிக்கொண்டுதான் தூக்குவார். “மகளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, அதுக்கு நான் கிடந்து முறியிறன்.” அவருக்குள் இப்படி ஒரு மனமும் இருக்கிறதே என்று நான் கண்கலங்கியிருக்கிறேன். மாக்கட்டு வெட்டிய அன்று பின்னேரமே என்னை மறுபடி சைக்கிளில் ஏற்றினார். “இனி நிப்பாட்டினால் நீ செத்தாலும் இதே பயத்தோடதான் சாவாய்,” என்றார். ஏறினேன். பிறகு முள்ளியவளை வரைக்கும் ஓடிப் போய் வந்தோம். ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் அந்தச் சில்லின் சூடு என் முகத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று அவருடைய கணவர் சைக்கிளையும் சப்பாத்தையும் சாவியையும் என்னிடம் தந்தார். “இஞ்ச ஆர் ஓடப்போகினம், நீங்கள் கொண்டுபோங்கோ.” வீட்டுக்குக் கொண்டுவந்து, என் சப்பாத்தோடு அவருடைய சைக்கிளில் ஏறிப் பார்த்தேன். கொழுவியது. சும்மா அசைத்தேன், கழன்றுவிட்டது. மறுபடி கொழுவினேன். நான் நினைக்க முதலே கழன்றது. இறங்கிச் சாவியைப் போட்டுப் பார்த்தேன். அவருடைய திருகாணி இதற்கு மேல் தளர முடியாது என்ற இடத்தில் நின்றது.

பிறகு என்னுடையதைப் பார்த்தேன். இறுக்கும் பக்கம் சாவி ஒரு துளிகூட அசையவில்லை. இரண்டு பெடலும் கடைசி வரை இறுக்கப்பட்டிருந்தன. ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் திருகாணியில் அவருடைய கை தவிர வேறு கை பட்டதில்லை.

எனக்கு வந்த கோபத்தை அழகாகச் சொல்லத் தெரியாது. சாம்பல்கூட ஆறியிராத ஒரு மனுசியை முற்றத்தில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னை பஸ்ஸுக்கு முன்னால் போட்டவள், என் வீட்டுக்கே வந்து, என் அம்மாவைக் குளிப்பாட்டி, என் நன்றியையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். சைக்கிளைப் பிடித்துத் தள்ளி விழுத்தினேன். சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். போய்ச் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியும்,” என்றார் அம்மா.

“என்ன தெரியும்?”

“உன்ர சைக்கிளை இறுக்கினது. உனக்குக் கையுடைஞ்ச கிழமையே சொன்னவா. எனக்குக் குளிக்க வார்க்கேக்க அழுதழுது சொன்னவா.”

“ஏன் இறுக்கினவாவாம்?”

“விழுறதுக்குத் தனக்குச் சரியான பயமாம். நீ விழுறதைப் பாத்தால்தான் அண்டைக்குத் தனக்குப் பயமில்லாமல் இருக்குமாம். கை உடையுமெண்டு நினைக்கேல்லையாம். இப்ப லூசாக்கினால் நீ கண்டுபிடிச்சிடுவாய் எண்டு அப்பிடியே விட்டவா.”

“ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?”

அம்மா சுவரைப் பார்த்தார். நோய் வந்த பிறகு அவர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்வதில்லை.

“சொன்னால் நீ அவாவை வீட்டுக்க எடுத்திருக்கமாட்டாய். பிறகு ஆர் என்னைத் தூக்கிறது?”

அம்மாவைத் தூக்கி இருத்திவிட்டுத் தேநீர் கொடுத்தேன்.

சறோ அக்காவைப் புரிந்துகொண்டேன், மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுதினால் அவரே சிரிப்பார். மன்னிக்கவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. சறோ அக்காவின் சைக்கிளை ஓடிப் பார்க்க ஆசை என்று நிர்மலா கேட்டிருந்தார். சப்பாத்து அவருக்கு அளவாக இருந்தது. வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். திருகாணியில் நான் கை வைக்கவில்லை. தளர்ந்தபடியே இருந்தது. அப்படியிருந்தும் மூன்றாம் தடவை அவர் திருப்ப மறந்து, கண்ணை முழித்து, மெல்ல மெல்லச் சரிந்து சேற்றில் விழுந்தார்.

எழும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அக்கா, சிரிக்கிறீங்களா?”

ஓம், சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பதை நான் அறியவில்லை. திரும்பி வரும்போது பரந்தன் றோட்டுச் சந்தியில் பஸ் ஒன்று பின்னால் வந்தது. காலை எடுத்து ஊன்றினேன். முகத்தில் எந்தச் சூடும் அடிக்கவில்லை. அந்தச் சந்தியில் நான் பயப்படாமல் நின்றது அன்றுதான். என் பயம் எங்கே போனது என்று தேடத் தேவையில்லை. பின்னால் சேறு காய்ந்த உடுப்போடு நிர்மலா வந்துகொண்டிருந்தார்.

சறோ அக்காவின் பயத்தைப் பற்றி அம்மா சொன்னது பொய்யில்லை என்று அந்தச் சந்தியில் எனக்குத் தெரிந்தது. சறோ அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சிரிப்புத்தான். அவருக்கு அது எவ்வளவு இனித்திருக்கும் என்பதும் எனக்கு இப்போது தெரியும். அதனால் வீட்டு வாசலிலேயே அந்தத் திருகாணிச் சாவியை என் திறப்பு வளையத்திலிருந்து கழற்றி நிர்மலாவின் கையில் கொடுத்தேன்.

“ஏனக்கா, நீங்களே வச்சிருங்களேன்,” என்றார்.

“வேண்டாம். என்னட்டை இருக்கக் கூடாது,” என்றேன்.