மரத்தூள் போடாத லாரி

1952 டிசம்பர் 3, காலை ஆறரை மணி, தூறல். என் ஒரே லாரியை வாங்க எண்ணூர் உப்பு வியாபாரி ஒருவர் வருவதால், ராயபுரம் கொட்டகையில் நானும் மெக்கானிக்கும் பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியல் பெட்டியின் ஆயிலை மாற்றிக்கொண்டிருந்தோம். உள்ளே பல்சக்கரம் தேய்ந்து, ஓட்டினால் ஊளையிட்டது.

"ஆயிலோட ரெண்டு கை மரத்தூள் போடு நைனா, சத்தம் அடங்கிடும். எண்ணூர் தாண்டி நின்னா அது அவன் பேஜாரு," என்றார் மெக்கானிக்.

அள்ளியும் விட்டேன். உப்பு மூட்டைகளோடு எண்ணூர் மணல்பாதையில் ஒருவர் தனியே தவிப்பது கண்ணில் தெரிந்தது. கையை உதறினேன்.

வந்த பாய் ஓட்டிப் பார்த்தார். "இன்னா, ஊளை வுடுது?"

"பல்சக்கரம் போச்சு பாய். மாத்தணும்."

அவர் அடைப்பைக் கழற்றி, ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "மரத்தூள் போடாம விக்க வந்த மொத ஆளு நீதான் சார். மத்தத நான் பாக்கல, சாவியக் குடு."

புதுப் பல்சக்கரத்துக்கு மட்டும் விலையில் கழித்தார். எதற்கும் கவலைப்படும் நான் அன்றிரவு நிம்மதியாகத் தூங்க ஆன செலவு, நூற்று எண்பது ரூபாய்.