அக்காவின் காலும் என் இடுப்பும்

போன வாரம் சின்னவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டபோது நீங்கள் எல்லாரும் சேர்ந்து, "அக்காவைக் கூப்பிடுங்க, ஒரு மிதி மிதிச்சா சரியாயிரும்" என்று சிரித்தீர்கள். மூத்தவள் கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அக்காவுக்கு என்ன கோபம் என்று அப்புறம் என்னிடம் கேட்டீர்கள்.

அவள் மிதித்துத்தான் உங்கள் அப்பா நான் எழுந்து நடந்தேன் என்பது உங்கள் அத்தை சொல்லிச் சொல்லி உங்களுக்குப் பழகிப்போன கதை. அது அப்படி நடக்கவில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். நீங்களும் நடுவில் புகுந்து பேசுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது சண்டைக் காலம். கப்பல் வரத்துக் குறைந்திருந்தது. வருகிற கப்பலும் கரைக்கு வராது. ஆழம் போதாது என்று வெகுதூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். தோணியோடு போய், மூட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒப்படைத்துவிட்டு வருவது என் வேலை. நின்று பார்க்கிற வேலைதானே தவிர, தூக்குகிற வேலை இல்லை.

அன்றைக்குக் கொழும்புக்குப் போகிற வெங்காயம். தோணி கப்பலை ஒட்டி நின்று மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அடுக்கியிருந்த மூட்டையில் ஒன்று சரிந்தது. "அண்ணாச்சி, விட்டுருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சுமைக்காரர் ஒருவர் சத்தம் போட்டார். நான் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துத் தோணி ஒரு பள்ளத்தில் இறங்கியது. இடுப்புக்குள்ளே சடக்கென்று ஏதோ ஒன்று இடம் மாறியது.

வீட்டுக்கு வண்டியில்தான் வந்தேன். முதலில் வெறும் இடுப்பு வலி. பிறகு அது இறங்க ஆரம்பித்தது. புட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரைக்கும் காய்ச்சின கம்பியை உள்ளே விட்டு இழுக்கிறாற்போல இருக்கும். தும்மினால் உயிர் போகும். உங்கள் அம்மா நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். கொஞ்சம் தேவலை ஆனது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய்வர முடிந்தது. அப்படியே விட்டிருந்தால் போதும்.

விளாத்திகுளத்திலிருந்து உங்கள் அத்தை, என் கூடப்பிறந்த அக்கா, வந்து இறங்கினாள். என்மேல் உள்ள பாசத்தில்தான் வந்தாள், அதில் குறை சொல்ல மாட்டேன். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஏலே, வீட்டுக்குள்ளேயே மருந்த வச்சிக்கிட்டா இப்பிடிக் கெடக்கே? மூத்தவ காலு முந்திப் பெறந்தவல்லா?"

உங்கள் அக்கா பிறக்கும்போது தலை முந்தாமல் கால் முந்தி வந்தது. அப்படிப் பிறந்த பிள்ளை மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று எல்லாரும் நம்புகிறது உங்களுக்கும் தெரியும். நானும் நம்பினேன். நம்பாமல் ஒப்புக்குச் செய்தேன் என்று இப்போது சொன்னால் பொய்.

அம்மாவுக்கு மட்டும் சம்மதம் இல்லை. "இப்பத்தான் கொஞ்சம் நடக்காக மதினி. இன்னும் ரெண்டு நாள் பாப்போமே" என்றாள்.

"நீ சும்மா கெட. ஒம் மாப்பிள எந்திரிக்கணுமா வேண்டாமா?"

அக்காவுக்கு அப்போது ஏழு வயசு இருக்கும். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவள் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு நோவும். நான் மாட்டேன்" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வலியில் கிடக்கிறவனுக்கு வருகிற எரிச்சல் என்று நீங்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொள்வதில்லை.

"ஏளா, சொன்னதச் செய்ய மாட்டியா? ஏறு! நல்லா அழுத்தி மிதி!" என்று கத்தினேன்.

அழுதுகொண்டே ஏறினாள். அத்தை அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வலது காலை என் நடு இடுப்பில் வைத்து, நான் சொன்னபடியே நல்லா அழுத்தினாள். நான் போட்ட சத்தத்தில் தொட்டிலில் கிடந்த அவள் தம்பி விழித்து அலறினான். அக்கா என் முதுகிலிருந்து தரையில் விழுந்தாள். அவளுக்கு அடிபட்டதா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. அதற்குப் பிறகு என் இடது காலை என்னால் அசைக்க முடியவில்லை.

மறுநாள் டாக்டரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் காலைத் தூக்கிப் பார்த்தார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். "சயாட்டிகா" என்றார். பலகையில் படுக்க வேண்டும், எழுந்திருக்கக் கூடாது, யாரும் இடுப்பைத் தொடக் கூடாது, வலி தானாகக் குறையும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். வாசலுக்குப் போய் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அவள் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது.

"டாக்டரே சொல்லிட்டாரு, சனி ஆட்டுதாம். இங்கிலீசு படிச்சவருக்கே தெரிஞ்சிருக்கு. பிள்ள காலு வழியால்லா எறங்கியிருக்கு! நாந்தான் நல்ல காலுன்னு நெனச்சேன்."

நான் உள்ளே இருந்து அத்தையை, "அக்கா, அது சனி இல்ல, நோக்காட்டுப் பேரு" என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லை நானும் அந்த ஒரு தடவைதான் கேட்டேன். எனக்கே நிச்சயம் இல்லை. வலியும் பயமும் சேர்ந்து, ஒருவேளை சனியாகவே இருக்குமோ என்று மனசில் ஒரு மூலையில் நினைப்பு வந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுதிப் பிரயோசனம் இல்லை.

அக்கா என் கண்ணில் படாமல் இருக்க ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் சாயந்தரம் ஆனால் என் தலைமாட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் சொல்லுவாள். இப்போது அம்மா கஞ்சியைக் கொடுத்தனுப்பினால், நிலைப்படிக்கு வெளியே நின்று கிண்ணத்தை உள்ளே தள்ளிவிட்டு ஓடிவிடுவாள். நான் வலியில் முனகினால் அடுக்களையில் அவள் பேச்சு நின்றுபோகும். அதைக் கவனித்த பிறகு துண்டைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். அது என்ன பெரிய காரியம்? ஒருநாள் அம்மாவிடம் அவள் கேட்டது காதில் விழுந்தது.

"அம்மா, சனி எந்தக் காலுல இருக்கு? ரெண்டுலயுமா?"

அம்மா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பிள்ள மாட்டேன்னுதானே சொன்னா. நீங்கதான் வைஞ்சு ஏத்துனீங்க" என்றாள். சண்டை போடவில்லை. அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அத்தை எனக்குத் திருஷ்டி கழித்தாள். உப்பைக் கையில் மூடித் தலையைச் சுற்றி, "எல்லாப் பீடையும் இந்த உப்பு மாதிரிக் கரஞ்சி போவட்டும்" என்று தண்ணீரில் போட்டாள். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டும் அவள் வரவில்லை. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினாள். நான் பலகையில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் விழுந்தேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, இது ஒங்க பிள்ளையா? நல்ல வீட்டுப் பிள்ளன்னு பாத்தா, பாத்திக்குள்ள எறங்கி நிக்கா! உப்பு வெளையுற தண்ணி அது. எங்க காலே அதுல வெந்து போவும். வெளிய வாளான்னா, 'காலு கரையணும்'ங்கா. என்ன பிள்ள வளக்கீக?"

முழங்காலுக்குக் கீழே சிவந்து போயிருந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. முந்தியே ஒரு புண் இருந்திருக்கும்போல. அது வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை. "அப்பா, கொஞ்சம் கொறஞ்சிருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

என் பிள்ளைகளே, இடுப்பு வலி என்னை அழ வைக்கவில்லை. இது வைத்தது.

அவள் காலுக்காக மறுபடி டாக்டர் வந்தார். அம்மா மறைவாக நின்றபடி, எதையும் சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "நீங்க சனி ஆட்டுதுன்னு சொன்னீயளா?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு அக்காவின் காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "சயாட்டிகா. நரம்புக் கோளாறுக்குப் பேரு அது. ஒங்க அப்பா இடுப்புல ஒரு நரம்பு அமுங்கிப் போச்சு. மூட்டையப் பிடிச்சாருல்ல, அப்பவே அமுங்கிப் போச்சு."

"நான் மிதிச்சதால இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிதிச்சிருக்கக் கூடாது" என்றார். "ஆனா அது ஒன் தப்பு இல்ல பாப்பா. சொன்னவங்க தப்பு." கடைசி வார்த்தையை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஆமாளா" என்றேன். "நான்தான் சொன்னேன். நீ மாட்டேன்னுதானே சொன்னே."

அன்றைக்கு ராத்திரி அவள் தன் பாயை என் பலகைக்குப் பக்கத்தில் விரித்தாள். காலில் அவளுக்கு எண்ணெய்க் கட்டு, எனக்கு அசைய முடியாத கால். இரண்டு பேரையும் அம்மா ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்தது. முதலில் கட்டைவிரல் அசைந்தது. ஒருக்களித்துப் படுக்க முடிந்தது. அதற்கு மழைக்காலம் முழுக்க ஆனது. தை பிறந்த சமயம் நான் கம்பை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தேன். நரம்பு தானாக ஆறியது. டாக்டர் சொன்னபடிதான் நடந்தது.

ஆனால் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா? மிதிச்சது இப்பல்லா பலிச்சிருக்கு! அன்னைக்கு எறங்குன சனி வெலகிட்டு. எம் மருமவ காலு ராசிக் காலு" என்று ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். அக்காவின் முகத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு பூரிப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லிக்கொண்டாள். எனக்கு உண்மை தெரியும். பிள்ளை இத்தனை நாள் பட்டதற்கு இந்தச் சந்தோஷமாவது இருக்கட்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. எங்கள் தோணியை ஓட்டுகிற தண்டல், நல்ல வாட்டசாட்டமான மனுஷன், வண்டிக்குள் வளைந்து கிடந்தார்.

"எங்க அந்த டாக்டரம்மா?" என்று அந்த வலியிலும் கேலி பேசினார். "ஒங்கப்பாவத் தூக்கி நிறுத்துன காலு எங்க? வந்து ஒரு மிதி மிதி தாயி. தோணிப் பாய் இழுக்கையில பிடிச்சிது, தொடையில எறங்குது."

தொடையில் இறங்குகிறது என்றதும் எனக்கு வந்த அதே நோவு என்று தெரிந்துவிட்டது. அதற்குள் அத்தை பிள்ளையைத் தயார் செய்துவிட்டாள். காலைக் கழுவி, கணுக்கால் வரைக்கும் மஞ்சள் பூசி, கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருவதுபோலக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தாள்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏலே, நல்ல காரியத்துக்கு நடுவுல வாராத" என்றாள் அத்தை.

தெருவே கூடி நின்றது. எனக்குப் படபடப்பில் வார்த்தை தாறுமாறாக வந்தது. "இவ மிதிச்சு நான் எந்திரிக்கல அக்கா! இவ மிதிச்ச அன்னைக்குத்தான் விழுந்தேன்!"

சொன்ன பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். எதை மறக்கட்டும் என்று இருந்தேனோ அதையே, அத்தனை பேர் முன்னால், என் வாயாலேயே சொல்லிவிட்டேன்.

"அப்ப எங் காலு கெட்ட காலாப்பா?"

"இல்லளா. கெட்டதும் இல்ல, நல்லதும் இல்ல. எல்லாருக்கும் இருக்கிற மாதிரி சும்மாக் கால்."

"சும்மாக் காலா?" என்றாள். குனிந்து மஞ்சளைப் பார்த்தாள். அத்தையின் கையை உதறிவிட்டு உள்ளே போனாள்.

வண்டிக்குள்ளிருந்து தண்டல் சொன்னார்: "அண்ணாச்சி, இத நீரு முந்தியே சொல்லியிருந்தா, நான் நேரா டாக்டர் வீட்டுக்குல்லா போயிருப்பேன். பிள்ளைக்கும் இந்தத் தலகுனிவு வந்திருக்காது."

டாக்டர் வீட்டுக்கு வழி சொல்லி வண்டியை அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

அக்கா பின்கட்டில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. தேங்காய் நாரை வைத்து, ஆறின புண்ணின் தழும்புமேலேயே தேய்த்தாள். நான் நாரைக் கையிலிருந்து வாங்கி வைத்தேன். அவள் விட்டுக்கொடுத்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு, அவள் கால் பக்கமாக நன்றாகக் குனிந்து ஊற்றினேன். இத்தனை மாதத்தில் நான் அப்படிக் குனிந்ததே இல்லை. இடுப்பு கொஞ்சமும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை என்று இருந்தது.