கழன்று பறந்த வெட்ஜ் தலை

மணல் குழியிலிருந்து பந்தைத் தூக்க உதவும் வெட்ஜ் மட்டை ஒன்று வாங்க, மலேசியாவின் சுங்கை பட்டாணி நகரில் பழைய கோல்ஃப் மட்டைகள் விற்பவரிடம் என் மனைவியின் தம்பி குமாரோடு போயிருந்தேன். இரண்டு வெட்ஜ்களை ஒப்பிட்டோம். பழைய வெட்ஜ் வாங்குகிற எல்லோரையும் போல, பந்தில் படும் முகத்திலுள்ள கோடுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று நகத்தை ஓட்டிப் பார்த்தோம். ஒன்றில் அவை புதிதுபோல் கூர்மையாக இருந்தன.

“இதான் நல்லா இருக்கு மச்சான். ஒரு தடவ வீசிப் பாருங்க லா,” என்று குமார் என் இடப்பக்கம் ஒதுங்கி நின்றான்.

கடை வாசல் புல்தரையில் வீசினேன். கையில் வெறும் தண்டுதான் மிஞ்சியது. கழன்று பறந்த இரும்புத் தலை குமாரின் முகத்தில் அடித்துவிட்டது.

“நேத்துதாண்ணே பசை போட்டு ஒட்டுனேன், காயல போல,” என்றார் கடைக்காரர். அவரை அடிக்கக்கூட எனக்கு நேரமில்லை.

மருத்துவமனையில் அவனது இடக்கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

இப்போதெல்லாம் எந்த மட்டையை எடுத்தாலும், முதலில் தலையைப் பிடித்து முறுக்கிப் பார்க்கிறேன். அருகில் யார் நின்றாலும் வீசுவதில்லை. இருந்தும், நான் மட்டையைத் தொட்டாலே குமார் மிச்சமிருக்கும் கண்ணைக் கையால் மூடிக்கொள்கிறான்.